இன்னாசி அண்ணன் ஏற்றிவைத்த வரிசை

செய்தி வாட்ஸாப்பில் வந்தது. நம் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குழுவில், காலை ஏழு மணிக்கு, பனித்துளி விழுந்த ரோஜாப்பூவோடு ஒரு வாழ்த்துப் படம். கீழே மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை சாப்பிடச் சொல்லும் ஒரு குறிப்பு. இரண்டுக்கும் நடுவே அது இருந்தது. "நம் இன்னாசி அண்ணன் நேற்று மாலை இறைவனடி சேர்ந்தார்." அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் பழக்க தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். பதினேழாவதோ பதினெட்டாவதோ செய்தியில் நம் முன்னாள் கணக்கு ஆசிரியர் எழுதியிருந்தார்: "ஆழ்ந்த இரங்கல். என்னுடைய ஹார்ட் டிஸ்க் அவரிடம் இருக்கிறது. யாரைக் கேட்பது?"

அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. எனக்கும் முதலில் வந்தது அழுகை அல்ல. மரியநாதபுரத்து வீட்டில், செசிலி டீச்சரின் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டிதான் கண்முன் வந்தது. நம் பள்ளியின் தையல் டீச்சர். இன்னாசி அண்ணனின் மனைவி. சர்க்கரை நோயில் இரண்டு கண்களும் போனவர். யாரையும் கூப்பிடாமல் தானாகச் செய்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு காரியம்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பெட்டியில் தனக்கு வேண்டிய படத்தைத் தானே போட்டுக் கேட்பது. அதை ஓடவைத்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார். இனி எத்தனை நாள் ஓடும் என்பதுதான் அன்று காலை என் துக்கமாக இருந்தது.

ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு ஊர் இரண்டு வேலைகளை ஒதுக்கிவைத்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழை பார்ப்பது ஒன்று; இறந்தவர்களைப் பற்றி எழுதுவது மற்றொன்று. முதல் வேலை குறைந்துவிட்டது. சந்திப்பிழையை இப்போது யாரும் பிழையாகக் கருதுவதில்லை. இரண்டாவது கூடியிருக்கிறது. இந்த ஆண்டில் இது நான்காவது. முதல் மூன்று பேரிலேயே 'பழகுவதற்கு இனியவர்' என்ற தொடர் தீர்ந்துவிட்டது. நல்லவேளையாக, இன்னாசி அண்ணன் பழகுவதற்கு அவ்வளவு இனியவர் அல்ல.

சம்பளப் பட்டியலில் அவர் இயற்பியல் ஆய்வக உதவியாளர். ஊசல் குண்டுகளைத் துடைத்துவைப்பதும், உடைந்த லென்சுகளுக்குக் காரணம் எழுதுவதும் வேலை. ஓய்வு பெற்றபின் அவர் கேட்காமலேயே வேறொரு பதவி வந்து சேர்ந்தது. அதற்குப் பெயர் கிடையாது. வேலையை மட்டும் சொல்கிறேன். நம்மில் பலர் வீட்டில் ஒரு காலத்தில் வாங்கிய மீடியா பிளேயர் இன்னும் இருக்கிறது. பின்புறம் டிவிக்கு மூன்று நிற ஒயர், முன்புறம் பென் டிரைவ் செருக ஒரு துளை. பெட்டிகள் நன்றாகச் செய்யப்பட்டவை, சாகவில்லை. அதற்குள் ஹார்ட் டிஸ்குகள் பெருத்துவிட்டன. பேரனின் பிறந்தநாளையும் பேத்தியின் நடனத்தையும் மருமகன் கொடுத்த படங்களையும் நாலு டெராபைட் (டிபி) டிஸ்கில் அடைத்து, பெட்டியில் செருகி, குடும்பத்தோடு எதிரே உட்கார்ந்தால், பெட்டி ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொல்லும்: சாதனம் இல்லை. கையில் கனமாக இருக்கும் ஒன்றை இல்லை என்று சொல்லும் துணிச்சலை அதற்கு முன் நான் தத்துவ நூல்களில்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படி இல்லாமல் போனவற்றை இருக்கச் செய்வதுதான் இன்னாசி அண்ணனின் வேலை.

என் டிஸ்கும் ஒரு நாள் இல்லாமல் போயிற்று. எடுத்துக்கொண்டு போனேன். "ஏண்ணே, இது ஏன் இப்படிச் சொல்லுது?" என்று கேட்டேன். அவர் எப்போதும் கேள்விக்குக் கேள்விதான் சொல்வார்.

"ஐயா, உங்க அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல ஒரு பக்கத்துக்கு எத்தனை பேரு?"

"அறுபது."

"அறுபத்தி ஒண்ணாவது பய வந்து சேந்தா?"

"அடுத்த பக்கத்தில் எழுதுவேன்."

"பெட்டிக்கு அடுத்த பக்கம் கிடையாது. செஞ்சவன் அம்புட்டுத்தான் குடுத்திருக்கான். ரெண்டு டிபி வரைக்கும் எண்ணும். அதுக்கு மேல ஒருத்தன் வந்து நின்னா, பக்கத்தையே கிழிச்சுப் போட்டுட்டு 'வகுப்பே இல்லை'ன்னுரும். போதாததுக்கு நீங்க ஒரு புதுப் பாஷையில வேற எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. அதுக்குப் பழைய பாஷைதான் தெரியும்."

தமிழாசிரியனிடம் பழைய மொழியின் அருமையை வேறு யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. டிஸ்கைப் பழைய முறையில் கோடு போட்டு, இரண்டு டிபி வரைக்கும் மட்டும் பிரித்து, பெட்டிக்குப் புரியும் வகையில் மாற்றித் தந்தார். கணினி தானாக அதைச் செய்யாது. பெரிய டிஸ்கைப் பழைய முறையில் மாற்ற மறுத்துவிடும். "முடியாம இல்லைய்யா. மனசு இல்லை," என்றார். அதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் வைத்திருந்தார். பெட்டி தரும் மின்சாரம் பெரிய டிஸ்குக்குப் போதாது என்பதால் தனி மின்சாரத்துக்கு ஒரு ஹப் மாட்டினார். படம் ஓடாவிட்டால் எதைப் பார்ப்பது என்று கேட்டபோது அவர் சொன்னதை நம்மில் பலர் கேட்டிருப்போம்: "முதல்ல கரண்டைச் சந்தேகப்படு. அப்புறம் ஒயரை. கடைசியாத்தான் மனுசனை."

அன்றிலிருந்து அவருக்கு டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. ஓய்வூதியர்களுக்கு மாலை மூன்று மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் எப்போதும் இருட்டாக இருக்கும். இரண்டும் பொருந்திப் போயின.

ஒரு முறை பழனிக்குப் போனோம். அங்கே ஒரு லாட்ஜில், வரவேற்பறையில் இருந்த ஒற்றைப் பெட்டியிலிருந்துதான் எல்லா அறை டிவிக்கும் பக்திப் பாடல் போகும். உரிமையாளர் நாலு டிபி டிஸ்க் வாங்கிவைத்துக்கொண்டு, பாடல் வராத அறைகளின் நடுவே உட்கார்ந்திருந்தார். இன்னாசி அண்ணன் ஒரு மணி நேரத்தில் பாடவைத்துவிட்டார். ஆனால் உரிமையாளருக்குத் திருப்தி இல்லை.

"ஏனுங்க சார், டப்பாவுல நாலுன்னு போட்டிருக்குதுங்க. பெட்டி ரெண்டுதானுங்க காட்டுது. மிச்சம் ரெண்டு எங்கீங்க போச்சு?"

"எங்கயும் போகலைங்க. உள்ளதான் இருக்கு. பெட்டிக்குத் தெரியாது."

"தெரியாததை வச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

"மலை மேல இருக்கறவரை நம்பித்தானே கீழ லாட்ஜ் நடத்துறீங்க. இந்த ரெண்டு டிபியையும் சேத்து நம்புங்க."

உரிமையாளர் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டு, இரண்டு டப்பா பஞ்சாமிர்தம் வரவழைத்தார். செசிலி டீச்சருக்குச் சர்க்கரை என்பதால் இரண்டையும் நானே கொண்டுபோக வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது பேருந்தில், ஒட்டன்சத்திரம் தாண்டியதும், சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "பெருசா வாங்குறவனுக்குத்தான்யா பாதி தெரிய மாட்டேங்குது." அதற்கு மேல் திண்டுக்கல் வரை ஒன்றும் பேசவில்லை. அவர் பழகுவதற்கு இனியவர் அல்ல என்றேனே.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய முறைக்கு மாற்றும்போது டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். ஆரம்ப காலத்தில் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பூ விவசாயி ஒருவர் டிஸ்க் கொண்டுவந்தார். "வெறும் படந்தாண்ணே, அழிச்சிருங்க," என்றார். இவரும் அழித்துவிட்டார். மறுநாள் அந்த மனிதரின் மனைவி வந்து வாசலில் நின்றார். அதில் மகளின் காதுகுத்து இருந்திருக்கிறது. வேறெங்கும் பிரதி இல்லை. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. "பாப்பா அழுததாச்சும் கொஞ்சம் இருக்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. டிஸ்க் கொண்டுவருபவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று முதலிலிருந்து கடைசிவரை வாயால் சொல்ல வேண்டும். "எழுதித் தாரேன்" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். "எழுதுனா மறந்துருவீங்க. சொல்லும்போதுதான் ஞாபகம் வரும்," என்பார். பலர் அந்த ஸ்டூலில்தான் தங்கள் குடும்பத்தில் யார் யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதை நினைவுகூர்ந்தார்கள். ஒரு தலைமையாசிரியர் வந்தார். எந்தப் பள்ளி என்பது தேவையில்லை. உள்ளே என்ன என்று கேட்டதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கல்வி சம்பந்தப்பட்டது," என்றார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "நிறைய," என்றார். இன்னாசி அண்ணன் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. "சரிங்க சார். அப்ப கல்வியை அழிச்சிரட்டுமா?"

அவர் ஊரார் பெட்டிகளை இவ்வளவு நுணுக்கமாகக் கற்றுக்கொண்டது சொந்த வீட்டில்தான் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. செசிலி டீச்சருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது கோயம்புத்தூரில் இருக்கும் மகன் சேவியர் புதிதாக ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கி அனுப்பினான். வாயால் சொன்னால் படம் வரும். டீச்சர் ஒரு பழைய படத்தின் பெயரைச் சொன்னார். டிவி கத்தரிக்காய்க் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தது. மறுபடி சொன்னார். மறுபடி அதே கத்தரிக்காய். "நாப்பது வருசமா வைக்கிறேன், எனக்கே சொல்லித் தருது," என்று ரிமோட்டைக் கீழே வைத்தவர் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

பழைய பெட்டியின் ரிமோட்டில் பொத்தான்கள் மேடாக இருக்கும். நாற்பது ஆண்டு ஊசி பிடித்த விரல்களுக்கு அது போதும். பட்டியலின் தலையில் ஒரு வெற்று வரி. அங்கிருந்து வலப்பக்கப் பொத்தானை அமுக்கினால் பத்துப் படம் தாவும். கீழ்ப் பொத்தான் ஒன்று. மேல் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் நேரே கடைசிக்குப் போய்விடும். டீச்சர் எண்ணிக்கொண்டே போவார். வலது ஒன்று, கீழே ஒன்று: பதினொன்று. கல்யாண வீட்டில் சண்டை வரும் படம். நான் ஒரு நாள் போயிருந்தபோது எனக்கு ஓட்டிக் காட்டினார். "உங்களுக்குப் பாக்கணும், எனக்குக் கேட்டாப் போதும். பாதிக் கரண்டுல வேலை முடியுது," என்று சிரித்தார்.

அந்தப் படங்கள் எவ்வழியில் வந்தவை என்பதை இந்தக் கட்டுரை ஆராயாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாலு ஜிபிக்கு மேல் உள்ள படத்தைப் பழைய முறையில் ஏற்ற முடியாது. இரண்டாக வெட்ட வேண்டும். மற்றவர்கள் மென்பொருள் வெட்டிய இடத்தில் வெட்டுவார்கள். கதாநாயகி பாதி வாக்கியத்தில் நிற்பாள். இன்னாசி அண்ணன் உட்கார்ந்து பார்த்து, இடைவேளையைக் கண்டுபிடித்து, அங்கே வெட்டுவார். "தியேட்டர்ல எங்க எந்திரிச்சமோ அங்கதான் எந்திரிக்கணும்," என்பார். பெட்டியைப் பொறுத்தவரை அவர் காட்டிய ஒரே உணர்ச்சி அது.

அடக்கம் முடிந்த மறுநாள் சேவியர் அலமாரியைத் திறந்தான். ஐந்து டிஸ்குகள், ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டில் செருகிய காகிதத்தில் உரியவர் பெயர். கணக்கு ஆசிரியருடையதும் இருந்தது. அவர் வந்து வாங்கிக்கொண்டு, படியிறங்கியதும் அழுதார். சேவியர் தாயிடம் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொன்னான்.

"இங்க தனியா என்னம்மா பண்ணுவீங்க?"

"படம் போட்டுக் கேப்பேன்."

"அங்கயும் டிவி இருக்குல்லம்மா. நான் போட்டுத் தாரேன்."

"நீ போட்டுத் தரணும்ல? அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

சேவியர் சமையலுக்கு ஒரு அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். பெட்டி ஓடும்வரை தாயார் இங்கே இருப்பார் என்பது சொல்லாமலே முடிவாயிற்று.

ஐந்து வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. "தமிழய்யா, டிஸ்க்கு டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது. செத்த நேரம் வந்துட்டுப் போறீங்களா?"

போனேன். முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன், பிறகு ஒயரை. இரண்டையும் மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. டிஸ்க்தான் போய்க்கொண்டிருந்தது. கடைக்குப் போய் இரண்டு டிபி கேட்டேன். சின்னது இப்போது வருவதில்லை என்று நாலு டிபியைத் தந்தார்கள். எதில் போடப்போகிறேன் என்று கேட்டார் கடைக்காரர். சொன்னேன். இறந்த வீட்டில் கேட்கும் குரலில், "அது இன்னும் இருக்கா சார்?" என்றார்.

அந்தச் சின்ன மென்பொருள் அண்ணனின் கணினியிலேயே இருந்தது. பழைய முறையில் கோடு போட்டேன். இரண்டு டிபியை மட்டும் பிரித்து, மீதியைப் பழனி உரிமையாளரைப் போல நம்பிக்கைக்கு விட்டேன். தனி மின்சாரம் கொடுத்தேன். பழைய டிஸ்கை அரை மணி ஓடவிட்டு, அரை மணி ஓய்வு கொடுத்து, இரண்டு நாளில் எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்தேன். கடைசிப் படம் வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் அதன் சத்தம் நின்றது. பிறகு அது எதற்கும் எழவில்லை.

இங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியலைப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு படங்கள். பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தில் அவர் வைத்த பெயர்கள்: 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'டீச்சருக்கு', 'சுமார்', 'சுமார்தான்'. வரிசை என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அகர வரிசையில் நம்பிக்கை வைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒவ்வொரு படத்தையும் திறந்து, உண்மையான பெயரைப் பார்த்து, அகரம் முதல் வகரம் வரை ஒழுங்குபடுத்தி, எண் போட்டு, அதே ஒழுங்கில் புது டிஸ்கில் ஏற்றினேன். நண்பனுக்குச் செய்யும் கடைசி மரியாதை என்று மனத்துக்குள் ஒரு சொற்றொடர்கூட உருவாயிற்று. இந்தக் கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்தேன்.

பெட்டியில் செருகினேன். பட்டியல் வந்தது. டீச்சரிடம் ரிமோட்டைக் கொடுத்தேன். அவர் வலது ஒன்று, கீழே ஒன்று அமுக்கினார். கல்யாண வீட்டுச் சண்டைக்குப் பதிலாக யாரோ மலையில் பாட்டுப் பாடினார்கள். திரும்பப் போய் மறுபடி எண்ணி அமுக்கினார். மறுபடியும் மலை. இருபத்து மூன்று போய்ப் பார்த்தார். நாற்பது போய்ப் பார்த்தார். பிறகு ரிமோட்டை மடியில் வைத்தார்.

"வரிசை போயிருச்சு, தமிழய்யா."

"இல்லை டீச்சர், இப்போதுதான் வரிசையாக இருக்கு. அகர வரிசை. 'அ'வில் ஆரம்பிச்சு..."

"எனக்கு எழுத்தாய்யா தெரியுது?"

அதற்கு மேல் எனக்கு அந்த அறையில் நிற்கும் தகுதி இருக்கவில்லை. ஆனால் போகவும் முடியவில்லை. டீச்சர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெட்டி எழுத்தைப் பார்ப்பதில்லை. எது முதலில் ஏற்றப்பட்டதோ அதை முதலில் காட்டும். அண்ணன் ஒவ்வொரு படமாகக் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார். அது கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசையைத்தான் டீச்சர் விரலில் வைத்திருந்தார். இத்தனை ஆண்டு டார்ச் பிடித்த எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. டிஸ்கைத் தொடுமுன் டீச்சரை ஸ்டூலில் உட்காரவைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அண்ணன் வைத்த விதியை அவர் வீட்டிலேயே நான் மறந்தேன். கணினியில் தேதி இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. படக்கோப்பு எங்கோ உருவான தேதி அது. அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த தேதி அல்ல.

"சேவியர்ட்டச் சொல்ல வேணாம்," என்றார் டீச்சர். "சொன்னா நாளைக்கே கார் எடுத்துட்டு வந்துருவான்."

"உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு டீச்சர்?"

"எம்புட்டு எழுத முடியும் உங்களால?"

இரண்டு வாரம் ஆயிற்று. தினமும் மூன்று மணிக்குப் போவேன், ஆறு மணிக்குத் திரும்புவேன். ஒரு நோட்டில் ஒன்றிலிருந்து எண் போட்டேன். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன். சில படங்களுக்குப் பெயர் தெரிந்திருந்தது. சிலவற்றுக்குச் சத்தம்தான் அடையாளம்: "ஆரம்பத்துல ரயில் போகும், ஒரு பொம்பளை 'எந்திரி, எந்திரி'ம்பா." அதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் போகும். நாற்பத்து மூன்றில் ஏன் நடுவிலே ஒரு புதுப்படம் என்று கேட்டேன்.

"முதல்ல அங்க ஒரு பேய்ப் படம் இருந்துச்சு. நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. அன்னைக்கே அழிச்சிட்டாரு. அடுத்து வந்தது அந்த எடத்துல உக்காந்துக்கிருச்சு."

போகப் போக எனக்கு ஒன்று விளங்கியது. நான் எழுதிக்கொண்டிருந்தது படங்களின் பட்டியல் இல்லை. அறுபது, மழையில் ரவுண்டு ரோட்டில் தண்ணீர் நின்று அண்ணன் முழங்கால் வரை நனைந்து வந்த நாள். எழுபத்தொன்று, டீச்சரின் காலில் புண் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாள். எழுபத்தொன்பது, இருவரும் எதற்கோ பேசாமல் இருந்த வாரத்தின் கடைசி நாள். அவர் படத்தை ஏற்றி, ரிமோட்டை டீச்சர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதற்குச் சண்டை என்று டீச்சருக்கு நினைவில்லை, படம் நினைவிருந்தது.

எண்பத்திரண்டுக்கு வந்தபோது டீச்சர் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இனிமே வெளிச்சம்கூடத் தெரியாதுன்னு ஆஸ்பத்திரில சொன்ன அன்னைக்கு. பஸ்ல ஒண்ணும் பேசலை. வீட்டுக்கு வந்து ஒரு சிரிப்புப் படம் ஏத்துனாரு. ரெண்டு பேரும் சிரிக்கலை. ஆனா கடைசி வரைக்கும் கேட்டோம்." பிறகு கேட்டார்: "எழுதிட்டீங்களா? எண்பத்தி மூணு."

இருநூற்றுப் பதின்மூன்றோடு டீச்சர் நிறுத்தினார். "அம்புட்டுத்தான்." கணினியில் இருநூற்றுப் பதினான்கு இருந்தன. மறுபடி எண்ணினேன். ஒன்று கூடுதல்தான். சொன்னேன்.

டீச்சரின் விரல்கள் புடவை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன. "புதுசு ஏத்துனா என்ன படம்னு சொல்ல மாட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும், மேல ஒண்ணு அமுக்கிப் பாருன்னுவாரு. அந்த ஞாயித்துக்கிழமை வரலை." நோட்டில் இருநூற்றுப் பதினான்கு என்று எண்ணை மட்டும் எழுதிவைத்தேன்.

புது டிஸ்கை மறுபடி காலி செய்தேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒன்று முழுதாக ஏறி முடியுமுன் அடுத்ததைத் தொடவில்லை. மூன்று மாலைகள் ஆயின. கூடுதலாக இருந்ததைக் கடைசியில் வைத்தேன். நான்காம் நாள் பெட்டியில் செருகிவிட்டுத் தள்ளி நின்றேன். டீச்சர் வலது ஒன்று, கீழே ஒன்று அமுக்கினார். கல்யாண வீட்டில் மேளம் கேட்டது. இரண்டு நிமிடத்தில் மாமன்காரர் சண்டைக்கு வந்தார். நிறுத்தினார். வலது எட்டு, கீழே இரண்டு. சிரிப்புப் படம் தொடங்கியது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அதையும் நிறுத்தினார். நூற்று ஐம்பது போனார், சரி. இருநூற்று ஏழு போனார், சரி. கடைசியாக விரலை மேல் பொத்தானில் வைத்தார். அமுக்கவில்லை.

"சரியா இருக்கு, தமிழய்யா. நீங்க கிளம்புங்க."

என் ஆசிரிய வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டுகளைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பிரிவுபசார விழாக்களில். இவ்வளவு தெளிவான பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. கிளம்பினேன். அதற்குப் பிறகு எனக்குத் தொலைபேசி வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து காரும் வரவில்லை.

இன்னாசி அண்ணனின் பொருளாக என்னிடம் இருப்பது அந்த நோட்டு மட்டும்தான். அதை அவர் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் அது அவருடையது. பதினோரு ஆண்டில் ஒரு மனிதர் தன் மனைவிக்கு எதற்கு அடுத்து எதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்று இருநூற்றுப் பதின்மூன்று வரிகள் அதில் இருக்கின்றன. சேவியருக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்பினேன். "கடைசி வரி ஏன் சார் காலியா இருக்கு?" என்று கேட்டான். அந்த வரியில் எண் மட்டும்தான் இருக்கிறது. என்ன படம் என்று எனக்குத் தெரியும். பெயரைப் பார்த்தவன் நான்தான். ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அமுக்கும்வரை, அண்ணன் சொல்லாமல் வைத்திருந்ததை நானும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.